மருதாயி மகன் பிறந்த தேதி

1930 அக்டோபர் 2 – பள்ளியில் சேர்த்த தட்சிணை: 4 அணா.
1935 ஜூன் 17 – முதல் பாரத்தில் (ஆறாம் வகுப்பு) சேர்க்கை: ரூ. 2, 8 அணா.
1942 ஜனவரி 12 – மெட்ரிகுலேஷன் பரீட்சைக் கட்டணம்: ரூ. 15.
1942 மார்ச் 20 – பரீட்சை எழுதத் திருச்சிராப்பள்ளி போக, தங்க, திரும்ப: ரூ. 4, 6 அணா.
1942 ஜூன் 22 – விண்ணப்பத் தாள்: 2 அணா.
1942 ஜூன் 26 – அறந்தாங்கி வழியாகக் கடற்கரைக்கு பஸ்: 14 அணா.
1942 ஜூலை 1 – மனுவுக்கு ஸ்டாம்பு: 12 அணா.
1942 செப்டம்பர் 7 – ராணுவ அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபால்: 7 அணா.

கூட்டினால் இருபத்து நான்கு ரூபாய் ஐந்து அணா. மருதாயி தன் மகன் நாகராசுவின் பெயரைப் புத்தகத்தில் ஏற்றவும், ஏறிய தேதியைத் திருத்தவும் செலவழித்தது இவ்வளவு. அவளுக்கு எழுதத் தெரியாது. கடைசி வரி நீங்கலாக மற்றதை அவள் சொல்லச் சொல்ல நாகராசு குறித்துவைத்தான். கடைசி வரியை, அவன் போன பிறகு, பள்ளி ஆசிரியர் ஆத்மநாதன் குறித்தார்.

அரிமளத்துக்குத் தென்கிழக்கே மூன்று மைலில் மேலப்பட்டி. அங்கே மருதாயியைக் கருவாட்டுக்காரி என்றால்தான் தெரியும். அரிமளம் சந்தையில் மொத்தமாக வாங்கிக் கூடையில் சுமந்து ஐந்து ஊர் சுற்றி விற்பாள். நல்ல நாளில் மூன்று அணா மிஞ்சும். புருஷன் அய்யாக்கண்ணு உப்பு வண்டி ஓட்டியவன். உப்பளத்துக்குப் போய்வந்த வழக்கத்தில்தான் கோட்டைப்பட்டினத்துக்கு மேற்கே நாலு மைல் தள்ளியிருந்த கீழ ஏந்தலில் பெண் எடுத்தான். 1939 பங்குனியில் பாரவண்டி குடைசாய்ந்து அதன் அடியில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகளை அதற்கு முன்பே அம்மைக்குக் கொடுத்திருந்தாள். மிஞ்சியது நாகராசு ஒருவன்.

அப்பன் போனதும் நாலாம் பாரத்தோடு படிப்பு நின்றது. அரிமளத்தில் ரெங்கசாமி ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போனான். கடை அடைத்த பிறகும், வெள்ளிக்கிழமை அரை நாளிலும் படித்து, மூன்று வருஷத்தில் பிரைவேட்டாகக் கட்டி மெட்ரிகுலேஷன் தேறினான். 1942 ஜூன் முதல் வாரத்தில் பத்திரிகையில் நம்பர் வந்தது. மேலப்பட்டியில் அந்தப் பரீட்சை தேறியவன் அவன்தான் முதல்.

மெட்ரிகுலேஷன் என்கிற சொல்லை மருதாயி மூன்று வருஷமாக வாயில் சுமந்துகொண்டிருந்தாள். அவள் நாக்கில் அது "மெட்டிக்கு" என்று வரும். அப்படியென்றால் என்ன என்று விற்கப் போன வீட்டிலெல்லாம் கேட்பாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார் ரெங்கசாமி. தபால்காரர், அது வயசுக்கு அத்தாட்சி, வேறெதுவும் இல்லாதவனுக்கு அதுதான் ஜாதகம் என்றார். ஆத்மநாதன் அது ஒரு பரீட்சை, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார். மூவரும் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். மூன்றும் கிடைத்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டாள்.

ஜூன் 22, திங்கட்கிழமை. புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் அப்ரண்டிஸ் குமாஸ்தா வேலைக்கு ஆறு இடம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்க வேண்டும். ஜூலை முதல் தேதியன்று பத்தொன்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 10. நாகராசு காலை பஸ்ஸில் போனான், மாலை பஸ்ஸில் திரும்பினான். சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சர்டிபிகேட்டைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பிறந்த தேதி 1922 நவம்பர் 1 என்று இருக்கிறது. வயது பத்தொன்பதைத் தாண்டி எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார்களாம்.

மருதாயிக்கு விளங்கவில்லை.

"வார ஐப்பசிக்கித்தானடா ஒனக்குப் பதினேழு."

"நீ சொன்னா ஆச்சா ஆத்தா? எழுதியிருக்கே."

"எந்தப் பய எழுதினான்?"

"எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்தைப் பாத்துத்தான் எழுதுறாங்க. மொத மொதல்ல எழுதினது நம்ம வாத்தியாரு."

பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான். புதுக்கோட்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பதினெட்டு நிரம்பியிருந்தால் போதும். மெட்ரிகுலேஷன் தேறியவனைக் கைநீட்டி எடுத்துக்கொள்வார்கள். இந்த வேலை இல்லையென்று ஆகிவிட்டால் அங்கேதான் போகப்போகிறான். ரெங்கசாமி கடையில் துணி மடித்துக்கொண்டு கிழவனாக மாட்டான். இதை அவன் கோபமில்லாமல் சொன்னான். அதுதான் அவளை உலுக்கியது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அப்போது மாதக் கணக்குத்தான் ஆகியிருந்தது. அங்கே வட்டிக்கடைகளில் வேலைக்குப் போன ஆட்கள் நடந்தே திரும்பியதையும், திரும்பாமல் போனதையும் கருவாடு விற்ற வீடுகளில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கூடை எடுக்காமல் ஆத்மநாதனிடம் போனாள். அவர் பத்தொன்பது வருஷமாக அதே பள்ளியில் இருப்பவர். சேர்க்கைப் புத்தகத்தில் அதுவரை நானூற்றுப் பதினொரு பெயர் அவர் கையால் ஏறியிருந்தது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து. அதற்கு ஏற்ற வருஷத்தைப் போட்டு, வாய்க்கு வந்த ஒரு தேதியையும் எழுதுவார். ஊர் முழுவதும் அப்படித்தான். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

நாகராசுவுக்கு மட்டும் அப்படி எழுதவில்லை. 1930 விஜயதசமியன்று மருதாயி பிள்ளையைக் கொண்டுவந்தபோது, கேட்காமலே, கண்மாய் உடைந்த வருஷம் ஐப்பசியில் பிறந்தவன் என்றாள். இவ்வளவு திட்டமாக ஒரு தாய் சொன்னது ஆத்மநாதனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலப்பட்டிப் பெரிய கண்மாய் உடைந்தது 1922 ஐப்பசியில். அப்படியானால் பிள்ளைக்கு ஏழு முடிந்திருக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் ஐந்துபோல இருந்தான். சவலைப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டார். காதைத் தொடச் சொல்லவேயில்லை. நானூற்றுப் பதினொரு பேரில் ஒருவனுக்குத்தான் கணக்குப் பார்த்து எழுதினார். அந்த ஒன்றுதான் தப்பாகப் போனது.

"கண்மாய் ஒடஞ்ச வருசம்னு நீதானே சொன்னே" என்றார் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி.

"ஆமாங்கய்யா. எங்க கண்மாயிங்க."

"எங்கன்னா?"

"கீழ ஏந்தல் கண்மாயிங்க. தலைப்பிரசவத்துக்கு நான் ஆத்தா வீட்டுக்குல்ல போயிருந்தேன்."

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கீழ ஏந்தல் கண்மாய் உடைந்தது 1925 என்பது அவருக்குத் தெரியும். உப்பு வண்டிகள் ஒரு மாதம் நின்றுபோன வருஷம் அது. அன்றைக்கே ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் மாமியார் நின்றாள். கீழ ஏந்தல் பெயரை எடுத்தால் எந்த வீட்டில், யார் பிரசவம் பார்த்தது என்று பேச்சு நீளும். நாகராசு வீட்டில் பிறக்கவில்லை. கண்மாய் உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தபோது, நிறைமாதமாக இருந்தவளைக் கிழக்கே கடலோர மணல்மேட்டுக்கு ஏற்றினார்கள். அங்கே மீன்பிடிக்கிறவர்களின் மாதா கோயில் ஒன்று, ஓலைக் கொட்டகையோடு. அந்தக் கொட்டகையில் பிள்ளை பிறந்தது. பதினோரு நாள் கோயில் கஞ்சியைக் குடித்துத்தான் பாலூட்டினாள். மேலப்பட்டியில் புருஷன் வீட்டார் இதற்கு என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் சேர்த்தாலும் அடுப்படிக்குள் சேர்க்க மாட்டார்கள். அவளுடைய ஆத்தா சத்தியம் வாங்கிக்கொண்டாள். சாகும்வரை அய்யாக்கண்ணுவுக்கே அது தெரியாது.

ஆத்மநாதனிடம் அதைச் சொன்னாள். வேறு வழியில்லை. அவர், பள்ளிப் புத்தகத்தைத் திருத்தாமல் சர்டிபிகேட்டைத் திருத்த முடியாது, கல்வி அதிகாரி உத்தரவு போட்டால்தான் பள்ளிப் புத்தகத்தைத் திருத்த முடியும், அதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும் என்றார். கீழ ஏந்தல் கணக்குப்பிள்ளையின் பிறப்புப் புத்தகம்? அதுவும் அந்தத் தண்ணீரோடு போயிற்று. அந்த வருஷத்துப் பிறப்பு இறப்பு எதற்கும் கீழ ஏந்தலில் காகிதம் கிடையாது.

வெள்ளிக்கிழமை அவள், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி கேஸில் ஓடிய பஸ்ஸில் அறந்தாங்கி போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸும் ஆறு மைல் நடையுமாகப் பொழுது சாய்கிற நேரம் மணல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டிய பிரிட்டிஷ் ஊர் அது. பதினாறு வருஷம் கழித்து வருகிறவளைச் செபமாலை என்கிற மீன்காரி, வலை காயவைத்த இடத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். அதே கொட்டகையில் ஒரு நாள் பின்னால் பிள்ளை பெற்றவள் அவள்.

"அடி மருதாயி, நீ கருவாடு விக்கிறேன்னு சந்தைக்கிப் போய்வார ஆளுக சொன்னாக, எங்க கருவாட்டையே எங்களுக்கு விக்க வந்தியா?"

மருதாயிக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் செபமாலை தன் மகன் சூசைராஜைக் கூப்பிட்டாள். நெஞ்சு அகன்று, மீசை அரும்பி, கடல் வெயிலில் கறுத்து நின்றான்.

"இந்தா பாரு, இவன் ஒம் மவனுக்கு ஒரு நாள் எளையவன். இவன ஒரு பய வயசு கேட்டதில்ல. மீனு வயசு கேக்குதா? நீ என்னத்துக்கடி எழுத்துப் படிக்கப் போட்டே?"

"புத்தி கெட்டுப்போயித்தான் போட்டேன்."

மறுநாள் காலை பூசை முடிந்ததும் செபமாலை அவளைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளத்தின்போது இருந்தவர் இறந்துவிட்டார். இவர் வந்து நாலு வருஷம்தான். ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்தார். சூசைராஜ், பிறந்தது 1925 நவம்பர் 10, ஞானஸ்நானம் நவம்பர் 15. நாகராசுவின் பெயர் அதில் இருக்க முடியாது. சாமியார் மரப்பெட்டியின் அடியில் கிடந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். ஐந்தாவது நோட்டில் பழைய சாமியாரின் கையெழுத்து இருந்தது. தண்ணீருக்குத் தப்பி வந்தவர்களில் யார் யாருக்குக் கஞ்சி ஊற்றியது, அரிசி எங்கிருந்து வந்தது என்று நாள்வாரியாக எழுதியிருந்தார். கோட்டைப்பட்டினத்து மரைக்காயர் வீட்டு அரிசி ஆறு மூட்டை என்று முதல் பக்கத்தில் இருந்தது. நவம்பர் 12, வியாழக்கிழமைப் பக்கத்தில் முப்பத்தேழாவது பெயராக: மருதாயி, கீழ ஏந்தல், மூன்று நாளைக்கு முன் இங்கே பிறந்த ஆண் பிள்ளையுடன், இரண்டு அகப்பை.

சாமியார் படித்துக் காட்டினார். மருதாயி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டாள். பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டார். மெட்டிக்கு என்றாள். சாமியார் நோட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். லத்தீன் படித்தவர். அந்தச் சொல்லின் பிறப்பு இந்த மாதிரி நோட்டில்தான் இருக்கிறது என்று செபமாலையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

மாத்ரிகுலா என்றால் லத்தீனில் பெயர்ப் பட்டியல். அந்தக் காலத்தில் மேல்நாட்டுக் கோயில்களில், வாசலில் வந்து சோறு வாங்கும் ஏழைகளின் பெயரை ஒரு பட்டியலில் எழுதிவைப்பார்கள். அதற்கு மாத்ரிகுலா என்று பேர். படையில் சேர்ந்த சிப்பாய்களின் பட்டியலுக்கும் அதே பேர். பிற்பாடு சர்வகலாசாலையில் சேருகிற மாணவனின் பெயரை ஏற்றுகிற புத்தகத்துக்கு அந்தப் பேர் வந்தது. அந்தப் புத்தகத்தில் ஏறத் தகுதியுண்டா என்று பார்க்க வைத்த பரீட்சைதான் மெட்ரிகுலேஷன். இங்கே அந்தப் புத்தகத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள், பரீட்சைதான் நிற்கிறது. அந்தச் சொல்லையும் பிரித்தால் மாத்ரிக்ஸ் என்று ஒரு சொல், கருப்பை என்று அர்த்தம். அதற்கும் அடியில் மாத்தெர், தாய். கருப்பை எப்படிப் பட்டியல் ஆயிற்று என்று படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை.

மருதாயி கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பெத்தவ சொன்னா எழுதிக்கிருவாங்கதானே சாமி?"

"இல்லையம்மா. எழுதினதைப் பாத்துத்தான் எழுதுவாங்க."

"அந்தச் சொல்லுக்கு ஆத்தான்னு சொன்னீங்களே."

"சொல்லுக்குத்தான் அப்படி" என்றார் சாமியார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் செபமாலை பார்த்தாள்.

நோட்டிலிருந்த வரியை அப்படியே நகல் எடுத்து, நோட்டு எத்தனை பக்கம், எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று குறித்து, கையெழுத்தும் கோயில் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். இதில் கஞ்சி என்கிற பேச்சை எடுத்துவிட்டால் ஆகாதா என்று மருதாயி கேட்டாள். எடுத்தால் அது எதற்காக எழுதின பட்டியல் என்று கேட்பார்கள், அப்புறம் செல்லாது என்றார். சரி, இருக்கட்டும் என்றாள். போகும்போது செபமாலை ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

ஜூன் 30 அன்று ஆத்மநாதன் தன் வாக்குமூலத்தை எழுதினார். எழுதும் முன் மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்வந்தார். காரணம் அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு தேதியை விசாரிக்காமல் எழுதினேன் என்று அவர் ஒப்புக்கொண்டால், மற்ற நானூற்றுப் பத்தும் எப்படி எழுதினாய் என்று கேள்வி வரும். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. "அன்னைக்கிப் பொஸ்தகத்துல வேற யாராவது எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுதினார், தேதி போட்டார், மை உலர மணல் தூவினார். ஜூலை முதல் தேதி மனுவைப் புதுக்கோட்டையில் கல்வி அதிகாரி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினார்கள். விசாரித்துப் பதில் எழுதுவோம் என்றார்கள். கடைசி நாளைச் சொல்லி மருதாயி கெஞ்சினாள். எல்லா மனுவுக்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஸ்டாம்பு வாங்கிய இடத்தில் மனு எழுதுகிறவர் அதை உரக்கப் படித்து நிரப்பினார். பக்கத்தில் மேலப்பட்டி ஆள் ஒருவன் நின்றிருந்தான். இரண்டு நாளில் ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மாமியார் அவள் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதை நிறுத்தினாள். ஜவுளிக் கடைக்கு எதிரே பீடி குடிக்கும் பயல்கள் நாகராசுவைப் பார்த்து, ரெண்டு அகப்பை குமாஸ்தா வாராரு, வழி விடுங்க என்றார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று வீட்டில் சாப்பிடவும் இல்லை.

ஜூலை 10 வெள்ளிக்கிழமை, தபால் வரவில்லை. மருதாயி புதுக்கோட்டைக்குப் போய் அலுவலகம் மூடும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆறு இடமும் போய்விட்டது. திரும்பி வந்து மகனிடம், அடுத்த வருஷம் பார்க்கலாம், உத்தரவு மட்டும் வந்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வயது இருக்கிறது என்றாள்.

"அடுத்த வருசம்வரைக்கும் இந்த ஊர்ல நான் எப்படி ஆத்தா நடப்பேன்?"

"நான் நடக்கலையா?"

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்ததுனாலதானடா இது."

ஜூலை 14 செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகிறேன் என்று போனவன், புதுக்கோட்டையில் ஆள் எடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றான். சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள், பத்தொன்பது வயது என்று எழுதிக்கொண்டார்கள். மூச்சைப் பிடித்து நெஞ்சை விரித்துக் காட்டினான். அன்று சாயங்காலமே திருச்சிராப்பள்ளிக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். ரெங்கசாமி ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான் மருதாயிக்குத் தெரிந்தது. ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

திருத்த உத்தரவு ஆகஸ்டு 8 தேதியிட்டு எழுதப்பட்டது. அந்த மாதம் வெள்ளையனே வெளியேறு கலவரத்தில் ஊரெங்கும் தந்திக் கம்பி அறுபட்டு, தபால் பைகள் அங்கங்கே தங்கிவிட்டன. அது மேலப்பட்டிக்கு வந்தது ஆகஸ்டு 24. பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்தில் நாகராசுவின் பிறந்த தேதி 1925 நவம்பர் 9 என்று திருத்தப்பட வேண்டியது. ஆசிரியர் ஆத்மநாதனுக்கு எச்சரிக்கை. அவர் எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டி, தேதியை இரண்டு முறை படித்துக் காட்டினார். மருதாயி விரலை மடக்கி எண்ணினாள்.

"அய்யா, இதுபடி அவனுக்கு இன்னும் பதினேழே ஆகலையே. பட்டாளத்துல வச்சிருக்கக் கூடாதுல்ல?"

ஆத்மநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருக்குத் தோன்றவில்லை. வேலைக்கு உதவாமல் போன காகிதம் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர உதவும். 1943 நவம்பர் 9 வரை அவனைத் திருப்பி அனுப்பு என்று கேட்க வழி இருக்கிறது. பதினான்கு மாதம். அன்றே இங்கிலீஷில் மனு எழுதத் தொடங்கினார். உத்தரவின் நகல், சாமியார் காகிதத்தின் நகல், இரண்டுக்கும் சான்றொப்பம் என்று பன்னிரண்டு நாள் ஓடியது. செப்டம்பர் 7 ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. அக்டோபர் 19, கிடைத்தது என்று பதில். டிசம்பர் 2, படைப்பிரிவுக்கு அனுப்பி விசாரிக்கிறோம் என்று பதில். மருதாயி அந்த இரண்டு காகிதத்தையும் மஞ்சள் துணியில் முடிந்து கருவாட்டுக் கூடையின் அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினாள். கருவாட்டு வாடை அடிக்கிறது, வீட்டில் வையேன் என்று ஆத்மநாதன் சொல்லியும் கேட்கவில்லை.

1943 ஜனவரி 21 வியாழக்கிழமை நாகராசுவின் கடிதம் வந்தது. ஜபல்பூரிலிருந்து எழுதியிருந்தான். ஆத்மநாதன் முதலில் தனக்குள் படித்தார். பிறகு படிக்கவா வேண்டாமா என்பதுபோல அவளைப் பார்த்தார். படிங்க என்றாள்.

"ஆத்தாவுக்கு நாகராசு எழுதுவது. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, உனக்குப் பதினேழு என்று உன் தாயார் எழுதியிருக்கிறாள், எது சரி என்று கேட்டார்கள். சர்டிபிகேட்டில் இருப்பதுதான் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே என்னை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். மாதம் பத்து ரூபாய் உன் பேருக்கு வரும்படி செய்திருக்கிறேன். கூடையை இறக்கி வை. இனி மனு போடாதே."

மருதாயி அழவில்லை. இன்னொரு மனு எழுதச் சொன்னாள். என்ன எழுத என்று ஆத்மநாதன் கேட்டார்.

"எம் மவன் பொய் சொல்றான்னு எழுதுங்க. பெத்தவளுக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியும்னு எழுதுங்க."

எழுதினார். அவள் கட்டைவிரலை அழுத்தினாள். அதற்குப் பதில் வரவில்லை. மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று. ஜூன் மனுவுக்கு மட்டும், சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்டு உறுதி செய்திருப்பதால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று அச்சடித்த காகிதம் வந்தது. அதற்குப் பிறகு அவளே புதுக்கோட்டையில் ஆள் எடுக்கிற இடத்துக்கு நடந்தாள். பஸ்ஸுக்குக் காசு வைத்துக்கொள்ளவில்லை. மாதம் வந்த பத்து ரூபாயையும் தொடவில்லை. பதின்மூன்று மைல் போக, பதின்மூன்று மைல் வர. எட்டு தடவை போனாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு வாசல் சேவகன் அவளைக் கண்டதும் உள்ளே போய்ச் சொல்வதை விட்டுவிட்டான். ஏழாவது தடவை, ஒன் மகன் ரயிலேறி அசாம் பக்கம் போயாச்சு ஆத்தா, இங்கிட்டு ஒருத்தருக்கும் அவன் பேரு தெரியாது, வெயிலில் நடக்காதே என்றான்.

1943 நவம்பர் 9 செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்ட நேரத்தில் அவள் ஆத்மநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நீர் மோர் கொடுக்கச் சொன்னார், வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னைக்கி அவனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்கய்யா."

"ஆமா."

"இனிமே கேக்க முடியாதுல்ல?"

"முடியாது மருதாயி."

"நான் இன்னும் வெரசா நடந்திருக்கணும்" என்றாள். மறுநாள் கூடை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் போனாள்.

அதற்குப் பிறகு நாகராசுவிடமிருந்து நான்கு கடிதங்கள் வந்தன. இடத்தின் பெயர் வரும் வரிகளில் ராணுவத் தணிக்கையில் மையைத் தடவி அழித்திருந்தார்கள். நான்காவதில் மழை என்றும், மலை என்றும், காலில் அட்டை ஏறுகிறது என்றும் எழுதியிருந்தான். அது வந்து ஒன்பது வாரம் கழித்து, ராணுவ முத்திரையிட்ட பழுப்பு உறையில், இங்கிலீஷில் தட்டச்சு செய்த ஒரு பக்கக் காகிதம் வந்தது. தபால்காரர் அதை அவளிடம் கொடுக்காமல் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஆத்மநாதன் படித்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருதாயி எந்தத் தெருவில் விற்றுக்கொண்டிருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு போனார். அவர் தெருமுனையில் வருவதையும், கையில் உறை இருப்பதையும், பள்ளி நேரத்தில் அவர் வெளியே வந்திருப்பதையும் பார்த்து, அவள் தராசைக் கீழே வைத்தாள்.

அந்தப் பழுப்பு உறை வந்தது 1944 ஜூன் 23, வெள்ளிக்கிழமை.